லோகோ கேபுக்குள்ள வெளிச்சம், வெளிய பார்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரில லோகோ பைலட், அதாவது ரயில் டிரைவர், எப்படி பார்த்து ஓட்டறாரு, அவர் உக்கார்ற கேப்ல என்ன மாதிரி லைட் வேணும்னு நினைக்கறாங்க, பழைய டீசல் எஞ்சின்ல ஏன் அப்படி எட்டி எட்டிப் பார்த்தாங்க, இதெல்லாம் சொந்தக்காரங்க, ரயில் ரசிகர் பசங்க, புதுசா ஏஎல்பி (அசிஸ்டன்ட் லோகோ பைலட்) ட்ரெயினிங் போற தம்பிங்கன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ரன்னிங்ல, அதாவது வண்டி ஓட்டற வேலைல, இருக்கற ஆளா எனக்குத் தெரிஞ்சதையும், டியூட்டிக்குக் கையெழுத்துப் போடற லாபிலயும் ஓய்வெடுக்கற ரன்னிங் ரூம்லயும் கூட இருக்கறவங்க பேசறதையும் சேர்த்து எழுதியிருக்கேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எங்க ஆளுங்க யாரும் கேபுக்கு இன்னும் பெரிய லைட் குடுங்கன்னு கேக்கல, இருக்கற லைட்டைக் கூட்டவும் குறைக்கவும் எங்க கையில விடுங்கன்னுதான் கேக்கறாங்க. கீழ இருக்கற பதில்ல பாதி சுத்தி சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.

ராத்திரில கேபை ஏன் இருட்டா வெச்சுட்டு ஓட்டறீங்க? பயமா இருக்காதா?

வெளிச்சமா இருந்தாதான் பயம். ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு முன்னாடி கண்ணாடி, நாங்க லுக்அவுட் கிளாஸ்னு சொல்வோம். வீட்டுல ஹால் லைட்டைப் போட்டுட்டு ராத்திரி ஜன்னல் வழியா தெருவைப் பார்த்தா நம்ம மூஞ்சிதான் தெரியும் இல்லையா, அதேதான் இங்கயும். கேப் லைட் எரிஞ்சா டெஸ்க் மேல இருக்கற பேப்பர், தண்ணி பாட்டில், ஏஎல்பியோட சட்டை எல்லாம் கண்ணாடில மிதக்கும், அதுக்குப் பின்னாடி எங்கயோ சிக்னல் இருக்கும்.

ரெண்டாவது கண்ணு. இருட்டுக்குக் கண்ணு பழக டைம் ஆகும். கண்ணுல கலர் பார்க்கற கூம்பு செல்லுங்க ஒரு 5-10 நிமிஷத்துல ஓரளவு பழகிடும், மங்கல் வெளிச்சத்துல பார்க்கற குச்சி செல்லுங்க முழுசா தயாராக 20-30 நிமிஷம் ஆகும். பழகின கண்ணுல பளிச்சுனு ஒரு லைட் பட்டா போதும், போச்சு, திரும்ப ஆரம்பத்துல இருந்து. 110 கி.மீ. வேகத்துல 10 நிமிஷம்னா 18 கி.மீ. தாண்டிடுவோம், அவ்ளோ தூரமும் அரைகுறை கண்ணோடதான். அதனாலதான் ஸ்டேஷன்ல நிக்கும்போதே படிக்க வேண்டியதைப் படிச்சுட்டு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கேப் லைட்டை அணைச்சுடுவோம்.

இதுல யாரும் யோசிக்காத ஒரு இடம் பெரிய யார்டு. ஜோலார்பேட்டை, ஈரோடு மாதிரி ஜங்ஷன்ல ஹைமாஸ்ட் லைட்டெல்லாம் பகல் மாதிரி அடிக்கும், அங்க இருந்து கிளம்பி ஒரே நிமிஷத்துல கும்மிருட்டுக்குள்ள போறோம், அந்த முதல் சில கிலோமீட்டர்தான் கண்ணு ரொம்ப மோசமா இருக்கற நேரம். என் கூட வர்ற புது ஏஎல்பிங்ககிட்ட அந்த இடத்துல செல்போன், டார்ச் எதையும் தொடாதீங்க தம்பி, வெளிய மட்டும் பாருங்கன்னு தவறாம சொல்வேன்.

அப்போ சிவப்பு லைட் போடலாமே? கப்பல்ல, நீர்மூழ்கில எல்லாம் சிவப்புதானே?

நல்ல கேள்வி. குச்சி செல்லுங்க 507 நானோமீட்டர் பக்கம், அதாவது நீலம் கலந்த பச்சைக்குத்தான் அதிகமா வேலை செய்யும், நல்ல சிவப்பு அதுங்களுக்கு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. அதனால சிவப்பு வெளிச்சத்துல வேலை பார்த்தா இருட்டுக்குப் பழகின கண்ணு கெடாது. பழைய விமானங்கள்ல கூட சிவப்புதான் போட்டாங்க.

ஆனா ரயில் கேப்ல அது சரிப்படாதுங்கறது என் அபிப்பிராயம், எங்க ஆளுங்கள்ல நிறைய பேருக்கும் அதேதான். நாங்க ராத்திரி பூரா தேடறதே ஒரு சின்ன சிவப்புப் புள்ளியை. கேபுக்குள்ள இருக்கற சிவப்பு, கண்ணாடில பட்டு தூரத்துல தெரியற மாதிரி ஆச்சுன்னா நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுடும். இன்னொண்ணு, எங்க மெதுவா போகணும்னு எழுதிக் குடுக்கற காஷன் ஆர்டர் பேப்பர்ல யாராவது சிவப்பு மையில கோடு போட்டிருந்தா சிவப்பு லைட்டுல அந்தக் கோடே காணாம போயிடும். வயசானவங்களுக்கு சிவப்பு வெளிச்சத்துல கிட்டத்து எழுத்து ஃபோகஸ் ஆகறதும் கஷ்டம். இந்த மாதிரி காரணத்தாலதான் விமானத்துலயும் பிற்பாடு மங்கலான வெள்ளைக்கு மாறினாங்க.

எங்களுக்குப் பிடிச்சது மஞ்சள் கலந்த வெள்ளை, ரொம்பக் கம்மியா, திருகி திருகிக் குறைக்கற மாதிரி. பிடிக்கவே பிடிக்காதது நீலம் அடிக்கற எல்இடி. நீல வெளிச்சம் கண்ணுக்குள்ளயே அதிகமா சிதறும், குச்சி செல்லையும் கெடுக்கும், வயசாக ஆக கூச்சம் இன்னும் ஜாஸ்தி. ஒரு எஞ்சின்ல டெஸ்க்ல ஒரு நீல இண்டிகேட்டர், அதை அணைக்க வழியே இல்ல, எனக்கு முன்னாடி ஓட்டின யாரோ அது மேல மெடிக்கல் பிளாஸ்டரை ஒட்டியிருந்தாரு, பிளாஸ்டர் ஓரமெல்லாம் கறுத்துப் போய் ரொம்ப நாளா அங்கயே இருந்த மாதிரி இருந்துச்சு. டிசைன் பண்றவங்க ஒரு கேப்ல ஏறினா முதல்ல பார்க்க வேண்டியது இந்த மாதிரி ஒட்டின டேப், செருகின அட்டை, மடிச்சு வெச்ச பேப்பர் இதையெல்லாம்தான், எங்க தப்பு இருக்குன்னு அதுவே சொல்லிடும்.

டெஸ்க்ல சிவப்பு இண்டிகேட்டர் இருக்கே, அது மட்டும் பரவாயில்லையா?

அது இருந்தே ஆகணும். டபிள்யூஏபி-4, டபிள்யூஏஜி-7 மாதிரி பழைய எலெக்ட்ரிக்ல எல்எஸ்டிஜேன்னு ஒரு சின்ன லேம்ப் இருக்கும், டிஜே அதாவது மெயின் சர்க்யூட் பிரேக்கர் திறந்து கரன்ட் துண்டிச்சுட்டா அது எரியும், எரிஞ்ச நொடியே பார்க்கணும். அது எரியறதுல பிரச்சினை இல்ல, அதோட வெளிச்சம் கண்ணாடிக்குப் போறதுலதான் பிரச்சினை. லேம்ப் மேல சின்னதா ஒரு மறைப்பு, இல்லன்னா டெஸ்க்கைக் கொஞ்சம் சாய்ச்சு அமைக்கறது, கண்ணாடிக்கு எதிர டெஸ்க் மேல மினுக்காத கறுப்பு பெயிண்ட், இவ்ளோதான் வேணும். பளபளன்னு வெளிர் கலர்ல டெஸ்க் போட்டா போட்டோவுல அழகா இருக்கும், பகல் 12 மணி வெயில்ல அந்த டெஸ்க் அப்படியே லுக்அவுட் கிளாஸ்ல வந்து உக்காரும்.

இருட்டுல காஷன் ஆர்டர் எப்படிப் படிக்கறீங்க?

காஷன் ஆர்டர்னா எந்த கிலோமீட்டர்ல இருந்து எந்த கிலோமீட்டர் வரைக்கும் எவ்ளோ வேகத்துல போகணும், ஏன்னு எழுதின பேப்பர். கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் படிச்சு மனசுல வெச்சுக்குவோம், ஆனா வழியில திரும்ப பார்த்துத்தான் ஆகணும். ஏஎல்பி என்ன பண்ணுவாருன்னா, டார்ச் கண்ணாடியை உள்ளங்கையால மூடி, விரல் இடுக்கு வழியா ஒரு கீத்து வெளிச்சம் மட்டும் பேப்பர்ல விழற மாதிரி மடியில வெச்சுப் படிப்பாரு. படிச்சு "அடுத்து 30 கிலோமீட்டர் வேக காஷன் சார்"னு சொல்லிட்டு டக்குனு அணைச்சுடுவாரு. இந்தக் கை வித்தை இல்லாம இருக்கணும்னா, வளைச்சு வெக்கற மாதிரி ஒரு சின்ன ஸ்பாட் லைட் ரெண்டு சீட்டுக்கும் தனித்தனியா வேணும், சுவிட்ச் கையெட்டற தூரத்துல இருக்கணும்.

அமெரிக்காவுல இதை சட்டமாவே எழுதி வெச்சிருக்காங்க. ஃபெடரல் ரயில்ரோட் நிர்வாகத்தோட விதிப்படி மீட்டரைப் படிக்கற அளவுக்கு கேப் லைட் இருக்கணும், அந்த வெளிச்சம் தேவையான பாகத்துல மட்டும் விழணும், ட்ராக்கையும் சிக்னலையும் பார்க்கறதுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாது, ஆர்டரும் டைம்டேபிளும் படிக்க சுலபமா போட்டு அணைக்கற தனி லைட் ஒண்ணு வேணும். இதைவிட சுருக்கமா எங்க ஆளுங்க ஆசையை யாரும் எழுதினது இல்லன்னு நினைக்கறேன்.

புது எஞ்சின்ல எல்லாம் ஸ்க்ரீன்தானே, அது வசதிதானே?

வசதிதான், ஃபால்ட் வந்தா என்னன்னு எழுத்துலயே வருது, முன்ன மாதிரி லேம்பைப் பார்த்து யோசிக்க வேணாம். ஆனா பகலுக்கு செட் பண்ண பிரைட்னஸ் ராத்திரில ட்யூப்லைட் மாதிரி அடிக்கும். மூணு விஷயம் கேக்கறோம். பின்னணி கறுப்பா எழுத்து வெளிர் கலர்ல ஒரு நைட் மோட், கிட்டத்தட்ட அணையற வரைக்கும் குறைக்கற வசதி, அப்புறம் குறைக்கற பட்டன் மெனுவுக்குள்ள நாலு படி இறங்கிப் போகாம வெளியவே ஒரு திருகு குமிழ். ஓடிட்டு இருக்கும்போது பார்க்காமலே கையால தடவிக் கண்டுபிடிக்கற மாதிரி இருக்கணும் அது.

ஹெட்லைட் அவ்ளோ பவரா இருக்கே, தூரத்துல ஆள் நின்னா தெரியுமா?

தெரியும், ஆனா தெரிஞ்சு பிரயோஜனம் கம்மி, இதை எல்லாரும் புரிஞ்சுக்கணும். நம்ம எஞ்சின் ஹெட்லைட்டுக்கு 305 மீட்டர் தூரத்துல ட்ராக் நடுவுல இவ்ளோ லக்ஸ் விழணும்னு அளவு இருக்கு. 110 கி.மீ. வேகத்துல அந்த 305 மீட்டரை நாங்க 10 செகண்டுல தாண்டிடுவோம். எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் வண்டி நிக்க அதைவிடப் பல மடங்கு தூரம் வேணும். ஹெட்லைட்டைப் பார்த்து வண்டி நிக்காது, நீங்கதான் ஹெட்லைட்டைப் பார்த்து விலகணும், அது முக்கியமா அதுக்குத்தான் இருக்கு. எங்களுக்கு அது விசில் போர்டு, வேகக் கட்டுப்பாடு போர்டு, கிலோமீட்டர் கல்லு, கேட்டு இதெல்லாம் அடையாளம் காண உதவும். சிக்னல் சொந்த வெளிச்சத்துல எரியுது, அதுக்கு எங்க லைட் தேவையே இல்ல.

வளைவுல வேற கதை. எஞ்சின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம்தான் லைட் போகும், ட்ராக் இடது பக்கம் திரும்பினா வெளிச்சம் நேரா போய் மரத்துல விழும். வாளையார், மதுக்கரை பக்கம் யானை கிராஸ் பண்ற ரூட்ல ஓட்டறவங்களைக் கேளுங்க, வளைவு முடிஞ்சு வெளிச்சம் ட்ராக்குக்கு வர்றதுக்குள்ள மனசு என்ன பாடு படும்னு சொல்வாங்க. கறுப்பு உடம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பவே அனுப்பாது, கண்ணு மட்டும்தான் எப்பவாவது மின்னும். அதனாலதான் மதுக்கரைல 2024-ல கேமரா வெச்சு யானையை முன்கூட்டியே கண்டுபிடிச்சு சொல்ற ஏஐ சிஸ்டம் கொண்டு வந்தது எங்களுக்கு உண்மையிலயே பெரிய நிம்மதி, ஹெட்லைட்டை எவ்ளோ பெருசாக்கினாலும் அந்த வேலையை அது செய்யாது.

ஹாலோஜனா எல்இடியான்னு கேட்டா எல்இடி நீண்ட நாள் உழைக்கும், எஞ்சினைப் பராமரிக்கற ஷெட்காரங்களுக்கு வேலை மிச்சம். ஆனா ரொம்ப வெள்ளையா இருந்தா ரிஃப்ளெக்டர் போர்டு கண்ணுலயே திருப்பி அடிக்கும், கொஞ்சம் மஞ்சள் தட்டினா நல்லாருக்கும். அதைவிட முக்கியம் ஃபோகஸ். எவ்ளோ பவரா இருந்தாலும் அலைன்மென்ட் தப்பா இருந்தா பக்கத்து வயலுக்குத்தான் வெளிச்சம்.

எதிர்ல வண்டி வந்தா டிம் பண்ணுவீங்களா?

கட்டாயம். டபுள் லைன்ல எதிர வண்டி வந்தாலும், ஸ்டேஷன்ல நிக்கும்போதும் டிம் பண்றது விதியும் மரியாதையும். ஒருத்தர் மறந்துட்டா எதிர்ல வர்றவருக்கு அடுத்த சிக்னலே மங்கலாத்தான் தெரியும். இதே இடத்துல ஃப்ளாஷரையும் சொல்லிடறேன். எஞ்சின் முன்னாடி மஞ்சளா விட்டு விட்டு எரியற லைட், வண்டி பிரிஞ்சுட்டாலோ தடம் புரண்டாலோ பக்கத்து லைனை அடைச்சிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலோ போடுவோம், அதைப் பார்த்தா எதிர்ல வர்றவர் நிறுத்தணும். எங்க உயிரையும் உங்க உயிரையும் அதிகமா காப்பாத்தற லைட் எதுன்னா நான் இதைத்தான் சொல்வேன்.

அமெரிக்க எஞ்சின்ல கீழ ரெண்டு லைட் தனியா இருக்கே, அது எதுக்கு?

டிட்ச் லைட். மேல ஹெட்லைட், கீழ ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு, மொத்தம் முக்கோணமா தெரியும். ஒத்த லைட் மட்டும் இருந்தா எவ்ளோ தூரத்துல, எவ்ளோ வேகமா வருதுன்னு ரோட்டுல இருக்கறவங்களுக்குக் கணிக்கவே முடியாது, முக்கோணம் விரிஞ்சுகிட்டே வர்றது கண்ணுக்குப் புரியும். அங்க லெவல் கிராசிங்ல 20 மைலுக்கு மேல வேகமா போற எஞ்சினுக்கு 1997 கடைசில இருந்து இது கட்டாயம்.

லாங் ஹூட், லாங் ஹூட்னு பழைய ஆளுங்க புலம்புவாங்களே, அது என்ன?

இதைப் பத்தி சுருக்கமா எழுத முடியாது. 1962-ல அமெரிக்காவுல இருந்து ஆல்கோ கம்பெனி டிசைன்ல வந்த டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின், அப்புறம் 1999-ல வந்த டபிள்யூடிஜி-4, 2001-ல வந்த டபிள்யூடிபி-4, இதுங்களுக்கெல்லாம் கேப் ஒண்ணுதான், ஒரு ஓரமா இருக்கும். ஒரு பக்கம் குட்டையான மூக்கு, அது ஷார்ட் ஹூட். மறுபக்கம் எஞ்சின், ரேடியேட்டர் எல்லாம் அடங்கின நீளப் பெட்டி, அது லாங் ஹூட். ஷார்ட் ஹூட் முன்னாடி வெச்சு ஓட்டினா ஓரளவு நல்லா தெரியும். திருப்ப டர்ன்டேபிளோ ட்ரையாங்கிளோ இல்லாத இடத்துல லாங் ஹூட் முன்னாடி வெச்சுத்தான் திரும்பி வரணும். அப்போ கண்ணு முன்னாடி ஒரு எஞ்சின் நீளத்துக்கு இரும்புச் சுவர், அதோட ஓரத்துல ஒரு ஒடுக்கமான கண்ணாடி, அது வழியா எட்டிப் பார்த்துத்தான் ஓட்டணும்.

லோகோ பைலட் இடது பக்கம், ஏஎல்பி வலது பக்கம். ட்ராக் இடது பக்கம் வளைஞ்சா எனக்குத் தெரியும், வலது பக்கம் வளைஞ்சா ட்ராக், சிக்னல் எல்லாமே ஹூடுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், அப்போ முழுக்க முழுக்க ஏஎல்பி கண்ணுதான் என் கண்ணு. அவர் "டிஸ்டன்ட் டபுள் யெல்லோ சார்"னு, அதாவது டிஸ்டன்ட் சிக்னல்ல ரெண்டு மஞ்சள் எரியுதுன்னு, சத்தமா சொல்லுவாரு, நான் திருப்பிச் சொல்லுவேன். சிக்னலை ரெண்டு பேரும் கூப்பிட்டுச் சொல்றது எல்லா எஞ்சின்லயும் உண்டு, லாங் ஹூட்ல அது ஒண்ணுதான் பிடிமானம். கழுத்து ஒரு பக்கமா திரும்பியே இருந்து மறுநாள் தலையணைல தலை வெக்க முடியாம அவஸ்தைப்பட்டவங்க எத்தனையோ பேர்.

இடையில ஜம்போன்னு கூப்பிட்ட டபிள்யூடிஎம்-2 சில வந்துச்சு, ஷார்ட் ஹூட் பக்கம் கேப் அகலமா பெரிய கண்ணாடியோட இருக்கும், ஆனா மறுபக்கம் பழைய கதைதான். நிஜமான தீர்வு ரெண்டு பக்கமும் கேப் வெச்ச டபிள்யூடிபி-4டி, டபிள்யூடிஜி-4டி. ரெண்டாவது கேப்ங்கறது எங்களுக்கு சொகுசு கிடையாது சார், பார்வை.

நீராவி எஞ்சின்ல இன்னும் மோசமா இருந்திருக்குமே?

பாய்லர் முழுசும் முன்னாடிதான், தலையை வெளிய நீட்டித்தான் ஓட்டினாங்க. ராத்திரி கரி போட ஃபயர் டோர் திறந்தா ஆரஞ்சு வெளிச்சம் கேப் பூரா அடிச்சு கண்ணைக் கூச வெக்கும், அதனால சிக்னல் நெருங்கற நேரத்துல ஃபயர்மேன் கரி போடாம நிறுத்துவாராம், மூத்தவங்க சொல்வாங்க.

இன்னைக்கும் பார்க்கணும்னா நீலகிரி போங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறும்போது எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளும், டிரைவருக்கு முன்னாடி ட்ராக்கே தெரியாது. முதல் பெட்டியோட முன் மேடையில நிக்கற பிரேக்ஸ்மேன்தான் கொடி காட்டி சொல்லணும். அவரோட கண்ணை நம்பி மலை ஏறறாங்க.

கண்ணாடி எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்லதுதானே?

இல்ல. பெருசானா வெயில் ஜாஸ்தி, கல்லடிக்கு இடமும் ஜாஸ்தி. நம்ம ஊர்ல லுக்அவுட் கிளாஸ் முன்னாடி கம்பி ஜாலி போடறதே கல்லு எறியறவங்களாலதான். அந்தக் கம்பியும் பார்வையை மறைக்கும், கண்ணு ட்ராக்கைப் பார்க்காம கம்பியைப் பார்த்து ஃபோகஸ் ஆகும். அமெரிக்க விதிப்படி முன் கண்ணாடி 24 பவுண்டு எடையுள்ள சிமென்ட் பிளாக் செகண்டுக்கு 44 அடி வேகத்துல வந்து மோதினாலும், .22 துப்பாக்கிக் குண்டு பட்டாலும் உள்ள வர விடக் கூடாது. கண்ணாடியே அந்தத் தரத்துல இருந்தா ஜாலி தேவைப்படாது, எனக்குக் கேட்டா அதுதான் சரியான வழி.

இன்னொரு விஷயம், கண்ணாடி ரொம்பக் கீழ வரைக்கும் இறங்கினா சிலீப்பர் கட்டைங்க காலுக்குக் கீழ சர்ருனு ஓடி வர்றது தெரியும், மணிக்கணக்குல அதைப் பார்த்தா மயக்கம் மாதிரி கிறக்கம் வரும். 1958-ல வந்த பிரிட்டனோட கிளாஸ் 40 டீசலுக்கு நீள மூக்கு வெச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். கொஞ்சம் உயரமா உக்காந்து, தூரத்தைப் பார்க்கற மாதிரி சீட், அதை உயரம் கூட்டிக் குறைக்க வசதி, இதுதான் வேணும். உயரம் கம்மியான ஆளுங்களுக்கு, முக்கியமா இப்ப நிறைய வர்ற பெண் ஏஎல்பிங்களுக்கு, பழைய சீட்ல உக்காந்தா டெஸ்க்தான் தெரியுது.

வெயிலுக்கு என்ன பண்றீங்க?

காலைல கிழக்கு பார்த்து, சாயங்காலம் மேற்கு பார்த்து ஓட்டும்போது சூரியன் சிக்னலுக்கு நேர் பின்னாடி நிக்கும். எல்இடி சிக்னல் வந்த பிறகு ரொம்ப பரவாயில்ல, பழைய பல்ப் சிக்னல்ல எது எரியுதுன்னே தெரியாது. கேப்ல சன் வைசர் இருக்கும், அது மேலயிருந்து இறங்கற மாதிரி, பாதி வெளிச்சம் விடற மாதிரி இருந்தா நல்லது, முழுசா மறைக்கற தகடு சிக்னலையும் சேர்த்து மறைச்சுடும். கூலிங் கிளாஸ் போட்டா சாம்பல் கலர் போடுங்க, மஞ்சள், நீலம், பிரவுன்ல சிக்னல் கலர் மாறித் தெரிய வாய்ப்பு இருக்கு.

மழை, பனி?

மழைல வைப்பர்தான் உயிர், அது துடைக்கற பரப்பு லோகோ பைலட் கண்ணுக்கு நேரா இருக்கணும், கண்ணாடி நடுவுல இருந்து பிரயோஜனம் இல்ல. ஏசி கேப் வந்த பிறகு கடலோர ரூட்ல புதுசா ஒண்ணு, உள்ள ஜில்லுனு இருக்க வெளிப்பக்கம் ஆவி படியுது, மழையே இல்லாம வைப்பர் போட வேண்டியிருக்கு. ஏசி காத்து நேரா கண்ணாடில அடிக்காம இருந்தா பாதி குறையும்.

பனி வடநாட்டுக்காரங்க பாடு. அங்க சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னாடி தண்டவாளத்துல பட்டாசு வெச்சு சத்தத்தால உஷார் பண்ணுவாங்க, இப்ப ஜிபிஎஸ் வெச்ச ஃபாக் டிவைஸ் அடுத்த சிக்னல் வரப்போகுதுன்னு முன்னாடியே சொல்லிடும். பனில ஹெட்லைட்டை முழுசா போட்டா வெள்ளைச் சுவர் மாதிரி திருப்பி அடிக்கும்.

எல்லாருக்கும் 6/6 பார்வை இருக்கே, அப்புறம் என்ன?

வண்டி ஓட்டறவங்களுக்கான ஏ-1 மெடிக்கல்ல சேரும்போது கண்ணாடி இல்லாம 6/6 வேணும், 45 வயசு வரைக்கும் 4 வருஷத்துக்கு ஒரு தடவை, 55 வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் செக்கப். ஆனா நல்ல வெளிச்சத்துல சார்ட் படிக்கறது வேற, ராத்திரி பார்வை வேற. 60 வயசுல கண்ணுக்குள்ள போற வெளிச்சம் 20 வயசுக்காரரோட ஒப்பிட்டா சுமார் மூணுல ஒரு பங்குதான். அதனால ஏஎல்பிக்குப் போதுமான மீட்டர் வெளிச்சம் மூத்த லோகோ பைலட்டுக்குப் பத்தாது, அவருக்குப் போதுமானது இவருக்குக் கூசும். ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி டிம்மர் கேக்கறது இதனாலதான்.

கவச்ங்கற ரயில் பாதுகாப்பு சிஸ்டம் வந்துட்டா சிக்னல் கேபுக்குள்ளயே தெரியுமே, அப்புறம் வெளிய பார்க்கணுமா?

கவச் சிக்னலைக் காட்டும், தேவைப்பட்டா பிரேக்கும் போடும், நாங்க எல்லாரும் வரவேற்கறோம். ஆனா கேட்ல மாட்டின டிராக்டர், ட்ராக்ல விழுந்த மரம், தண்ணி அரிச்ச மண்ணு, கேங்மேன் காட்டற சிவப்புக் கொடி இதெல்லாம் அதுக்குத் தெரியாது. இன்னொரு ஸ்க்ரீன் வருதுன்னா இன்னொரு வெளிச்சமும் வருது, அதுக்கும் டிம்மர் வேணும்னு இப்பவே சொல்லி வெக்கறோம்.

வெளிய இருக்கற நாங்க ஏதாவது பண்ண முடியுமா?

முடியும். ராத்திரி வர்ற வண்டியை போட்டோ எடுக்கும்போது ஃப்ளாஷ் போடாதீங்க, கேபைப் பார்த்து டார்ச்சும் லேசரும் அடிக்காதீங்க, அந்த ஒரு நொடி எங்க கண்ணு போயிடும், நீங்க எடுத்த படத்துல எங்க மூஞ்சி சுருங்கித்தான் இருக்கும். லைன் ஓரமா கடை, கல்யாண மண்டபம், கோயில் திருவிழா பந்தல் போடறவங்க ட்ராக்கைப் பார்த்த மாதிரி சிவப்பு, பச்சை சீரியல் செட் கட்டாம ரோட்டுப் பக்கமா திருப்பிக் கட்டுங்க. ஏற்கனவே ஒரு இடத்துல அப்படி கட்டியிருக்கறதைப் பார்த்தா பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.